நஸ்ரியாவின் பால் நானா

ஊர் வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறப்பது வழக்கமில்லை. திறந்தாலும் "தேத்தண்ணி ஊத்தட்டா?" என்ற அளவில் நின்றுவிடும். அன்றைக்கு ஸுல்பிகா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். எழும்பியவள் பேசாமல் இருந்திருந்தால் பிறகு பட்ட பாட்டில் பாதியாவது குறைந்திருக்கும்.

கூட்டத்தின் விஷயம் ஒன்றே ஒன்று. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருகிறவர்களுக்கு விசாக் காசு இல்லை என்று ஆன நாளிலிருந்து, சுற்றிப் பார்க்க வருகிறோம் என்று இறங்கிய சில பேர் கோணேஸ்வரத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, வீடு வீடாகச் சேலை மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடை வாடகை இல்லை, வரி இல்லை, விலையும் குறைவு. கிண்ணியாக் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் றுவைஸ் மேசையில் தட்டிக் கத்தினான். அவன் ஸுல்பிகாவின் கூடப்பிறந்த தம்பி. பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவன்.

"நாடு எண்டா அதுக்கொரு கதவு இருக்கோணும். கண்டவனெல்லாம் உள்ளுக்கு வந்து கடை போடுறதுக்கு இது என்ன சந்தி மடமா? இந்தியா யாவாரியை வீட்டில வச்சிருக்கிறது ஆரெண்டாலும் சங்கம் பொலிஸுக்குச் சொல்லும். அது என்ட ராத்தாவா இருந்தாலும் சரி."

எல்லோரும் ஸுல்பிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததில் பிழையில்லை. அவள் வீட்டில் அப்போது திருச்சிக்காரி ஒருத்தி தங்கியிருந்தாள்.

"கதவு பூட்டுறதுக்கு மட்டுமா தம்பி, திறக்கிறதுக்கும் தானே?" என்றாள் ஸுல்பிகா. "என்ட வீட்டில இருக்கிறது யாவாரி இல்ல. என்ட மகளுக்குப் பால் குடுத்த தாய். மகள்ட கலியாணத்துக்கு வந்திருக்கிறா. கடலுக்கு நடுவில ஆரோ கோடு போட்டாங்க எண்டதுக்காக அவ எனக்கு அந்நியமா? அவவால இந்த ஊரில ஒரு யாவாரிட வயித்தில அடி விழாது. அதுக்கு நான் பொறுப்பு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வாயைச் சபையே மெச்சியது. றுவைஸ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

பால் கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சண்டை ஓய்ந்து சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஸுல்பிகா புருஷனோடு திருச்சிக்குச் சேலை எடுக்கப் போனாள். கைக்குழந்தை நஸ்ரியாவும் கூட. பாலக்கரையில், இப்போது வந்திருக்கும் இந்த ரபீக்காவின் வீட்டு மாடியில் தங்கல்; ரபீக்காவின் புருஷன் மொத்தச் சேலை வியாபாரி. போன இடத்தில் ஸுல்பிகாவுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். பிள்ளை புட்டிப்பாலை வாயில் வைக்கவே மாட்டேன் என்றது. ரபீக்காவின் மடியில் அப்போது அவள் மகன் பஹ்மி. அவள் யோசிக்கவில்லை, ஒரு பக்கம் தன் பிள்ளை, மறு பக்கம் இலங்கைப் பிள்ளை என்று போட்டுக்கொண்டாள்.

மார்க்கத்தில் அது சின்ன விஷயமில்லை. ஐந்து தடவை வயிறாரக் குடித்துவிட்டால் பால் கொடுத்தவள் தாய், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். பால் குடித்த பிள்ளையை அந்த வீட்டுப் பையனுக்குக் கலியாணம் முடிக்க ஏலாது. அவன் முன்னால் அவள் முகம் மறைக்கத் தேவையில்லை. சொந்த நானாவோடு, அதாவது அண்ணனோடு, போவது போல அவனோடு எங்கும் போகலாம், ஊர் ஒரு சொல் சொல்லாது. "அஞ்சு தடவையா? ரபீக்கா ராத்தாட மாரை வத்த வச்சிட்டுத்தானே எழும்பினவள்" என்று ஸுல்பிகா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

புருஷன் மௌத்தாகி அவள் தனித்த பிறகு ஸுல்பிகா மூட்டையைத் தானே தூக்கினாள். கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் நகரம், அங்கிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, வடக்கே திரியாய் வரைக்கும் வீடு வீடாகப் போய்ச் சேலை விற்றாள். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு என்ற பேதம் மூட்டைக்குக் கிடையாது. அந்தச் சேலையில்தான் நஸ்ரியா வளர்ந்தாள், படித்தாள். அந்தச் சேலையில்தான் நஸ்ரியாவுக்குச் சீதனமாகக் கொடுக்க முன்வீடும் எழும்பியது. வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டு, பின்னால் குசினியோடு ஒட்டிய அறைக்குத் தாய் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் பிள்ளை பெற்றவள் கடைசியில் குசினிப் பக்கம் ஒதுங்க வேண்டியதுதான்.

திருச்சிக்குப் போய்வருவதும் வரவரக் கடினமாகியது. விசாவுக்குப் படம், வங்கிக் கணக்கு, எதற்குப் போகிறாய் என்ற கேள்வி. டொலர் ஏறிய வருஷத்தில் டிக்கட் விலையைக் கேட்டுவிட்டு அவள் பயணத்தையே விட்டாள். ரபீக்கா போனில் படம் அனுப்புவாள். இவள் நிறம் சொல்லுவாள். வருகிறவர்கள் கையில் சேலை வரும். ஆனால் ரபீக்கா இங்கே வருவதற்கு இப்போது ஒரு தடையும் இல்லை. "உங்களுக்கு எங்கட கதவு திறந்து கிடக்கு, எனக்கு உங்கட கதவைத் தட்டித் தட்டிக் கை நோகுது" என்று ஸுல்பிகா பகிடி விடுவாள். அதில் மனக்குறை இருந்ததில்லை. ஒரு பக்கமாவது திறந்திருக்கிறதே என்ற சந்தோஷம்தான்.

நஸ்ரியாவின் கலியாணத்துக்கு ரபீக்கா பதினைந்து நாள் முன்னமே வந்திறங்கினாள். வந்தவளை ஸுல்பிகா சும்மா இருக்க விட்டாளா? கலியாணம் சொல்லக் கூட்டிக்கொண்டு போனாள்.

கலியாணம் சொல்வது என்றால் இங்கே நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால், "எங்களை மதிக்கேல்ல" என்று முகத்தைத் திருப்பிவிடுவார்கள். பெற்ற தாயும் பால் கொடுத்த தாயும் சேர்ந்து வந்து சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை! ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து, தான் சேலை விற்கும் வீடு ஒன்று மிச்சமில்லாமல் ரபீக்காவை அழைத்துப் போனாள். எல்லா வீட்டிலும் கதிரை, தேத்தண்ணி, சிரிப்பு. இறக்கக்கண்டியில் பத்மாசனி வீட்டில் மட்டும் மத்தியானம் வரை இருந்துவிட்டார்கள். பத்மாசனியின் புருஷன் கடற்தொழில் செய்பவர். அவள் ஸுல்பிகாவிடம் சேலை வாங்கத் தொடங்கி, வாங்க வாங்கச் சிநேகிதியாகிப் போனவள்.

வண்டியில் ஏறி இறங்கும்போதெல்லாம் ரபீக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த வீட்டில் எத்தனை பெண் பிள்ளை? அந்த அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்? கோயில் திருவிழா எந்த மாதம்? மீன் நன்றாகப் படுவது எப்போது? ஸுல்பிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த வீட்டில் எப்போது கையில் காசு புரளும், எந்த மாமிக்குக் கரும்பச்சை ஆகாது, யாருக்குத் தவணையில் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தால் செருப்புத் தேயும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆயுள் முழுக்க நடந்து சேர்த்ததை ஒரு கிழமையில் அள்ளிக் கொடுத்துவிட்டாள். அது கொடுப்பது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ராத்தாவோடு கதைத்துக்கொண்டு போவதாகத்தான் நினைத்தாள்.

கலியாணத்தன்று ரபீக்கா ஸுல்பிகாவை விட அதிகமாக அழுதாள். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நஸ்ரியாவுக்குப் போட்டாள். பிறகு விமானம் ஏறிப் போனாள்.

மாப்பிள்ளை இஹ்ஸான் இரண்டு மாதத்தில் கத்தாருக்குப் போனான். நஸ்ரியா நகரத்தில் தையல் வகுப்பு என்று கிழமையில் நாலு நாள் போய் வந்தாள். பிள்ளை சும்மா இராமல் ஏதோ படிக்கிறாளே என்று ஸுல்பிகா மகிழ்ந்தாள்.

அந்த நாட்களில்தான் மூட்டை கனக்கத் தொடங்கியது. கொண்டு போன சேலை அப்படியே திரும்பி வந்தது. "பிறகு பாப்பம் அக்கா" என்றார்கள் நிலாவெளியில். "இப்ப எடுத்தனாங்கள் தானே" என்று ஒருத்தி தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசல் படலைக்கு வெளியே வைத்துக் கதைத்து அனுப்பினவர்களும் உண்டு. என்ன பிழை விட்டேன் என்று ஸுல்பிகாவுக்கு விளங்கவில்லை. சேலை சரியில்லையா, விலை கூடவா, நாக்கில் ஏதும் சொல் தவறியதா? பின்னேரங்களில் மகளிடம் சொல்லி மூக்கைச் சிந்துவாள். நஸ்ரியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வலிக்கிற முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

"ஆரோ கண்ணூறு போட்டிட்டாங்க உம்மா. கொஞ்ச நாளைக்கு வீட்டில இருங்க. நடந்தது காணும்."

எவ்வளவு பாசம்! ஸுல்பிகா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கையில் இறக்கக்கண்டிக்குப் போனாள். பத்மாசனி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடுத்தியிருந்த சேலையைக் கண்டதும் ஸுல்பிகாவின் கால் நின்றுவிட்டது. மயில்கழுத்து நிறம், ஓரத்தில் மாங்காய்க் கரை. போன மாதம் ரபீக்கா படம் அனுப்பி, இவள் கேட்டு, "அது முடிஞ்சு போச்சு சுல்பி" என்று பதில் வந்த அதே சேலை.

"இது எங்க எடுத்தது, பத்மா?"

பத்மாசனி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "ஏனக்கா, உங்களுக்குத் தெரியாதோ? உங்கட ஆக்கள்தானே கொண்டு வந்தவை."

"என்ட ஆக்களெண்டா?"

"ரபீக்கா அக்காட மகன். பஹ்மி எண்டு. உங்களுக்கு முழங்கால் ஏலாமல் போச்சாம், இனி தாங்கள்தான் வருவினமாம் எண்டு சொன்னவை. உங்கட பேரைச் சொல்லித்தானே அக்கா நாங்கள் கதவைத் திறந்தனாங்கள்."

"சொன்னவையெண்டா? அவனோட வேற ஆர் வந்தது?"

பத்மாசனி நிலத்தைப் பார்த்தாள். "அதுக்கு மேல என்னட்டக் கேக்காதேங்கோ அக்கா. என்னை ஒண்டும் சொல்ல வைக்காதேங்கோ."

ஸுல்பிகாவின் காதில் அது சரியாக விழவில்லை. பஹ்மி என்ற பெயரிலேயே அவள் மனம் சிக்கிக்கொண்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லாமல் வீதியோரத்தில் நின்றபடியே திருச்சிக்கு அழைத்தாள்.

"ராத்தா, பஹ்மி இஞ்ச வந்து யாவாரம் செய்யிறானா?"

ரபீக்கா ஒன்றுமே நடக்காதது போலக் கதைத்தாள். "ஆமா சுல்பி. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். மாசா மாசம் வந்துட்டுப் போறான். இங்க கடை படுத்துடுச்சுடி. பெரிய பெரிய கடைக்காரனுங்க எங்கள மாதிரி ஆளுங்கள முழுங்கிட்டானுங்க. அவனும் பொழைக்கணும்ல? நீயும் முட்டி வலி முட்டி வலிங்கற. இந்த வயசுல மூட்டையத் தூக்கிட்டு எதுக்கு அலையணும்?"

"அது என்ட வீடுகள் ராத்தா. உங்களைக் கலியாணம் சொல்லக் கூட்டிட்டுப் போன வீடுகள்."

"வீடு உன்னுதா? அவங்கவங்களுக்கு யார்கிட்ட வாங்கணும்னு தெரியாதா? இங்க பாரு, ரெண்டு நாடு ரெண்டு நாடுன்னு நீ ஒருநாளும் பேசினதில்ல. இப்ப மட்டும் எதுக்குக் கோடு போடற?" குரல் கொஞ்சம் உயர்ந்தது. "உம் புள்ளைக்கு நான் குடுத்தப்போ, இது இந்தியப் பால், இவ இலங்கைக்காரின்னு பாத்தா குடுத்தேன்?"

ஸுல்பிகா போனை வைத்தாள். இத்தனை வருஷமும் சொந்தம் என்று நினைத்துத் தலையில் தூக்கி வைத்திருந்தது, ஒரே பேச்சில் கடனாகிப் போனது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. அந்த வேலியைப் பயிருக்குள் கூட்டிக்கொண்டு வந்து காட்டியவளும் அவள்தான். பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் பார்க்கிறாளே என்ற வெட்கமும் இல்லாமல் அழுதாள்.

கிண்ணியாவில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே றுவைஸின் கடைக்குப் போனாள்.

"நீ சொன்னது சரி தம்பி. கதவு இருக்கத்தான் வேணும்" என்றாள்.

றுவைஸ் குத்திக் காட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுத் தண்ணி கொடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிடிச்சுக் குடுத்தா அவனை இனி இந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா ராத்தா?" என்று கேட்டான்.

"யோசிச்சிட்டன். இறக்கக்கண்டி முடிஞ்சுதெண்டா அடுத்தது திரியாய். தீபாவளிக்கு முதல் கிழமை அங்க போகாம இருக்கமாட்டான். காலமை போனாத்தான் பெண்டுகள் வீட்டில இருப்பாங்க. அந்த வழியில நில்லுங்க."

அவள் வழியல்லவா, அவளுக்குத் தெரியாதா? அன்றிரவு நஸ்ரியா வழமை போல முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். ஸுல்பிகா மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பால் நானா இப்படிச் செய்தான் என்று கேட்டால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

சொன்ன கிழமை, சொன்ன வழியில், பஹ்மி மாட்டினான். றுவைஸ் போனில் அழைத்தபோது ஸுல்பிகா மூட்டையில் சேலைகளைத் தட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் குரல் நடுங்கியது.

"ராத்தா, உடன பொலிஸுக்கு வாங்க. தனிய வாங்க. ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதீங்க."

அவன் ஏன் நடுங்குகிறான் என்று அவள் யோசிக்கவே இல்லை. நல்ல அபாயாவை எடுத்து உடுத்தினாள். அந்தப் பையன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும், "சாச்சி" என்று உறவு சொல்லி அவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஓட்டோவில் போகும்போதே முகத்தைத் தயார் செய்துகொண்டாள்.

பொலிஸ் முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே நீள மரவாங்கில் பஹ்மி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், மடியில் கறுத்த ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, நஸ்ரியா.

முதலில் ஸுல்பிகாவுக்கு விளங்கவில்லை. மகளுக்கு யார் சொன்னார்கள், எனக்கு முதல் எப்படி வந்து சேர்ந்தாள் என்றுதான் நினைத்தாள். பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தாள். வாங்குக்குக் கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தாள். நாலு மூலையையும் சேர்த்து ஒற்றை முடிச்சாகப் போட்டு, வாலை உள்ளே செருகிய கட்டு. அது அவள் வீட்டுக் கட்டு. உலகத்தில் அந்தக் கட்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"தையல் வகுப்பு?" என்றாள்.

நஸ்ரியா கொஞ்சமும் அசையவில்லை. "வகுப்பும் இல்ல, ஒண்டும் இல்ல. இஹ்ஸானுக்குக் கத்தாரில வேலை சரிவரேல்ல, உங்களுக்குத் தெரியுமா? நான் சொன்னா அழுவீங்க எண்டு சொல்லேல்ல. எனக்கும் மூட்டை தாங்க எண்டு எத்தனை தரம் கேட்டன்? கலியாணம் முடிச்ச பிள்ளை ரோட்டில திரியக் கூடாது எண்டீங்க. நானா கேட்டார், வாறியா எண்டு. போனன்."

"என்ட முழங்காலைத் தடவித் தடவி..." என்றாள் ஸுல்பிகா. ரபீக்கா செய்தது வெளியாள் செய்தது என்று இப்போது தோன்றியது. இது குசினிக்குள் நடந்திருக்கிறது.

றுவைஸ் அவளைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். கதவு கதவு என்று கத்தியவன், இப்போது காதுக்குள் கெஞ்சினான்.

"ராத்தா, இஹ்ஸான்ட சின்ன வாப்பா வெளியில நிக்கிறார். ஆரோ போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறாங்க. ஆம்பிளை ஒருத்தன்ட பின்னால இருந்து பிள்ளை ஊர் சுத்தினதெண்டு கதை வந்திட்டு. பால் குடிச்ச சொந்தம் எண்டு நீங்க உங்கட வாயால சொன்னாத்தான் அவர் அடங்குவார். இல்லாட்டி நாளைக்கே தலாக் வரும். மற்றக் கதையை விடுங்க. அவன் எங்கட ஆள் எண்டு சொல்லுங்க."

"அப்ப அவன் நிண்டு என்ட வீடுகளையெல்லாம் தின்னட்டும், என்ன?"

றுவைஸ் அவள் கையை விட்டுவிட்டு அதிகாரியின் அறைப் பக்கம் காட்டினான்.

கொழும்பிலிருந்து வந்த குடிவரவு அதிகாரி தமிழ் தெரிந்தவர், மரியாதையான மனிதர். கதிரை காட்டினார். அறைக் கதவு திறந்தே கிடந்தது. இஹ்ஸானின் தகப்பனுடைய தம்பியான அந்தச் சின்ன வாப்பா வாசற்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, இந்தப் பெடியன் வந்தது சுற்றிப் பார்க்கிற விசாவில. நாங்க கதவைத் திறந்து விட்டது பார்க்கிறதுக்கு, யாவாரம் செய்யிறதுக்கு இல்ல. அவர் சொல்றார், மூட்டை உங்கடதாம். தான் சொந்தக்காரனாம், உங்கட மகளை ஏத்தி இறக்கினது மட்டும்தானாம். உங்கட மகளும் நானா எண்டு சொல்றா. ஆனா தாய் வேற, தகப்பன் வேற, நாடும் வேற. இவர் உங்களுக்கு ஆர்?"

ஸுல்பிகா வாங்கைப் பார்த்தாள். பஹ்மி இரண்டு கையையும் கூப்பியிருந்தான். நஸ்ரியா கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. உம்மா சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த தைரியத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தைரியத்தைத்தான் ஸுல்பிகாவால் பொறுக்க முடியவில்லை. எழும்பி, இவனை எனக்குத் தெரியாது என்று கத்திவிட்டுப் போனால் என்ன? பிழைப்பு மிஞ்சும். மகள் மிஞ்சமாட்டாள்.

"என்ட மகளுக்குப் பால் குடுத்த தாய்ட மகன்" என்றாள். "எங்கட மார்க்கத்தில அது கூடப்பிறந்த சொந்தம். பிள்ளை அவரோட எங்க போனாலும் பிழை இல்ல. நான்தான் அனுப்பினனான்."

"சட்டத்தில அப்பிடியொரு சொந்தம் எழுதேல்ல, அம்மா."

"எழுதாட்டி என்ன? நான் சொல்றன் தானே."

"அப்ப இந்த மூட்டை?"

"ஓம். என்டதுதான். எனக்கு முழங்கால் ஏலாது. அதால பிள்ளையைக் குடுத்து அனுப்பினன்."

வாசற்படியில் நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்து போனார். அதிகாரி பஹ்மியை எச்சரித்தார்; இனி மூட்டையோடு கண்டால் திரும்பி வரவே முடியாதபடி செய்துவிடுவேன் என்றார். பஹ்மி "சரிங்க சார், சரிங்க சார்" என்று குனிந்து குனிந்து நிமிர்ந்தான். ஸுல்பிகா காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஹ்மி அவள் காலடிக்கே வந்துவிட்டான். "சாச்சி, எங்க அம்மா மேல சத்தியமா இத மறக்கமாட்டேன்" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மகள் ஒரு சொல் சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல். பிழை விட்டுட்டன் உம்மா என்று சொன்னால் போதும், முன்வீடு, பின்வீடு, திரியாய் வரைக்கும் இருக்கிற எல்லா வீட்டையும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள்.

நஸ்ரியா வாய் திறந்தாள். "எங்களைக் காட்டிக் குடுத்தது ஆர்? திரியாய்க்கு இண்டைக்கு வாறமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மாமா, நீங்களா?"

றுவைஸ் ராத்தாவைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஸுல்பிகா மறைக்கவில்லை.

"நான்தான்."

"உம்மா?"

"நீயும் இருப்பாயெண்டு தெரியாது."

நஸ்ரியாவின் முகம் வெளிறியது. கண்ணில் தண்ணீர் வந்தது; அது மன்னிப்புக் கேட்கிற கண்ணீர் இல்லை. "நானாவெண்டு தெரியும்தானே? எனக்குப் பால் குடுத்தவட பிள்ளையெண்டு தெரியும்தானே? தெரிஞ்சுதானே பொலிஸுக்குக் குடுத்தீங்க?" என்றாள். "ரபீக்காம்மா எண்டா இதைச் செய்யமாட்டா. ஒருநாளும் செய்யமாட்டா."

ஸுல்பிகா நின்ற இடத்திலேயே நின்றாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து மாதமும் சுமந்து, பிறகு மூட்டையும் சுமந்தவள் கள்ளியாகி நின்றாள். களவாகப் போனவள் நியாயம் கேட்டு நின்றாள்.

நஸ்ரியா குனிந்து மூட்டையை எடுத்தாள். ஹெல்மெட்டைப் போட்டாள். பஹ்மியின் பின்னால் ஏறி, மூட்டையைத் தனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "போங்க நானா" என்றாள்.

முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். ஓட்டோக்காரர்கள் நின்றார்கள். இஹ்ஸானின் சின்ன வாப்பாவும் மதிலோரம் நிழலில் நின்று பார்த்தார். மோட்டார் சைக்கிள் வாசல் தாண்டி வடக்கே திரியாய்ப் பக்கம் திரும்பியது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் அவளுக்கு நானா என்று தாயே சற்று முன்தான் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தாள்.